முட்டை மிதந்த உப்புத் தண்ணீர்

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கிவிட்டது, வீட்டில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லையே? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போன முறை நான் புல் விதை எண்ணப் போகிறேன் என்று எழுதியதைப் பார்த்து, இந்த வயதில் இது என்ன வேலை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. சொல்ல ஒரு கதை இருக்கிறது.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். குடுவை கழுவுவது, நிறுப்பது, எண்ணுவது எல்லாம் கைப்பழக்கம். அதனால்தான் மெல்ரோய் என்னைத் தேடி வந்தான். அவன் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறான். வீதிக்குக் கிரவல் மண் வெட்டி மொட்டையாகப் போன மேடுகளில் காட்டுப்புல்லை முளைக்க வைப்பதுதான் அவர்களுடைய வேலை. புல் பிடித்தால் மண் கரைந்து வராது. ஆனால் காட்டில் பொறுக்கிய விதை நல்லதா, சொத்தையா என்று யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கு நான்.

துறைமுகப் பக்கமாக ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பூதக்கண்ணாடி, மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டிகள் கொஞ்சம். பெட்டிக்குள் ஈரமான ஒற்றுத்தாள் விரித்து, நூறு விதையை வரிசையாக வைக்க வேண்டும். இப்படி நாலு பெட்டி. பத்து நாளில் எத்தனை ஒழுங்காக முளைத்தது என்று எண்ண வேண்டும். நூற்றுக்கு அறுபதாவது முளைத்தால் விதை பாஸ். அதற்குக் கீழே என்றால் இல்லை.

முதல் விதை இறக்கக்கண்டியிலிருந்து வந்தது. கொண்டுவந்தவள் றம்லா. நாற்பது வயது இருக்கும். கணவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். இவளுடைய வீட்டுக்குப் பின்னால்தான் அந்த மேடு. நாலு வீடுகள் அதன் அடியில் இருக்கின்றன. போன மாரியில் சேறு வழிந்து வந்து இவள் சமைக்கிற குசினியை முழங்கால் அளவுக்கு நிரப்பிவிட்டது. நடக்க ஏலாத மாமியைக் கதிரையோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்களாம். அதனால் மாசி, பங்குனி முழுக்க றம்லா திரியாய்க் காடு வரைக்கும் போய், ஊசிப்புல் சேலையெல்லாம் குத்தக் குத்த, ஐந்து மூட்டை விதை சேர்த்திருந்தாள்.

அவள் தந்த மாதிரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். தூசி இல்லை, சருகு இல்லை, கையில் எடுத்தால் பாரமாக இருந்தது. காட்டுப்புல் விதை எங்கேயாவது இவ்வளவு சுத்தமாக இருக்குமா என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் றம்லா போன் எடுத்தாள்.

"அன்ரி, எத்தின?"

"ஒன்பது, பிள்ளை."

"நூத்துக்கா?"

"ஓம், நூத்துக்கு."

"கண்ணாடி போட்டுக்கிட்டா எண்ணின நீங்க?" என்றாள்.

கோபம் வரவில்லை எனக்கு. அவளுடைய குரல் உடைந்திருந்தது.

மெல்ரோயிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அன்ரி, ஒன்பதை வச்சு நான் என்ன செய்யிறது? விதைக்கு மேல மண் கரையாம விரிக்கிற தும்பு வலை பன்னிரண்டு சுருள்தான் வந்திருக்கு. இந்த விதை சரிவராட்டி அதை வேற மேட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி மேலிடத்தில சொல்லிப்போட்டினம். றம்லாக்காவுக்கு அடுத்த வருசம்தான்."

"அடுத்த வருசம் வரைக்கும் அந்தக் குசினி நிக்குமோ?"

அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்று பின்னேரமே நிலாவெளி வழியாக இறக்கக்கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். றம்லா வாசலில் நின்று, "வாங்க அன்ரி" என்றாளே தவிர முகம் கொடுக்கவில்லை. குசினிச் சுவரில் போன வருடச் சேறு இன்னும் செம்மண் கோடாகத் தெரிந்தது. ஜன்னலால் பார்த்தால் மேடு. ஒரு பச்சை இல்லை. வெட்டிய இடமெல்லாம் உரித்த ஆட்டுத்தோல் மாதிரிச் சிவந்திருந்தது.

"பொறுக்கினதில இருந்து ஒண்டும் விடாம சொல்லு பிள்ளை. எப்பிடிக் காய வச்சனீ?"

"நிழல்லதான். மெல்ரோய் தம்பி சொன்ன மாதிரியே."

"எங்க வச்சனீ?"

"பரண்ல. எலிக்குப் பயந்து பெரிய வாளிகளுக்க போட்டு மூடி வச்ச."

"சுத்தப்படுத்தினது?"

அந்த நேரம் அவளுடைய மாமி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். தோப்பூர்க்காரி. வயல் வேலையில் பிறந்து வளர்ந்தவர்.

"அத நான்தான் புள்ள சொல்லிக் குடுத்த. உப்புத் தண்ணி கரைச்சு முட்டை போட்டுப் பாத்த. முட்டை மிதந்தாத்தான் உப்பு காணும். அதுக்குள்ள விதையக் கொட்டினா பதரெல்லாம் மேல வரும். அடியில கிடக்கிறதுதான் விதை. நெல்லுக்கு நாங்க காலங்காலமா அப்பிடித்தான் செய்யிற."

"அஞ்சு மூட்டையும் செய்த அன்ரி," என்றாள் றம்லா. "மூணு நாள் ஆச்சு. முதுகு போயிட்டு. அப்பிடிச் செய்தும் ஒன்பது எண்டு சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெல் பாரமானது, நல்ல நெல் தாழும். காட்டுப்புல் விதை அப்படியா? அதற்கு மயிரும் முள்ளும் உண்டு. அதற்குள் காற்றுப் பிடித்துக்கொண்டு மிதக்கும். நல்லதுதான் மேலே வந்திருக்கிறது. அடியில் தங்கியது கல்லுப் போலத் தோல் உள்ள வேறு செடி விதையும் கோரை விதையும். தோலைச் சுரண்டிவிடாமல் அதில் பெரும்பகுதி முளைக்கவே முளைக்காது. அதைத்தான் நான் சுத்தமாக இருக்கிறதென்று மெச்சினேன்.

"மிதந்ததை என்ன செய்தனீங்கள்?"

றம்லா மாமியைப் பார்த்தாள். மாமி ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக் கொட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய தகர வாளியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஆட்டுக்கு நுளம்புக்கடி கூட," என்றார் மாமி மெதுவாக. "பொழுதுபட்டா புகைக்குக் கொஞ்சம் போடுற."

என் முழங்காலை மறந்து ஓடினேன். கிணற்றடியில் இருந்த தண்ணீரைத் தூக்கி அந்த வாளிக்குள் ஊற்றினேன். புஸ் என்று சாம்பல் எழும்பி என் சேலை முழுக்க அப்பியது. ஆடுகள் கத்திக்கொண்டு வேலிப் பக்கம் பாய்ந்தன. "அல்லாஹ்வே, மனிசிக்கு என்ன பிடிச்ச!" என்று மாமி கத்தியது அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும்.

கொட்டில் ஓரத்தில் மிதந்த விதைச் சாக்குகள் இருந்தன. கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒரு விதையை நகத்தால் நசுக்கினேன். உள்ளே வெள்ளையாக மாவு இருந்தது, பதர் இல்லை. இன்னொன்று. அதிலும் மாவு. றம்லா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு எரிச்சீங்கள்?"

"பாதிக்கு மேல," என்றாள். பிறகு ஆட்டுக் கொட்டில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நானே என்ட கையால எரிச்சிருக்கன் அன்ரி."

மாமி உள்ளே இருந்து, "அவள ஏசாத புள்ள. அவளுக்கு ஒண்டும் தெரியா. நான் சொல்லித்தான் செய்த," என்றார். யாரும் ஏசவில்லை. ஏச என்ன இருக்கிறது?

மிச்சம் ஒன்றரை மூட்டை. அன்று இரவு தங்கி, காலையில் இரண்டு பேருமாக மூன்று தண்ணீரில் உப்புப் போக அலசி, பழைய சேலைகளில் நிழலில் காய வைத்தோம். சாக்கின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் கைவிட்டு மாதிரி எடுத்தேன். மெல்ரோயிடம் பத்து நாள் கேட்டேன். அவன் நாட்காட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "பத்துத்தான் அன்ரி. பதினொண்டு ஏலாது," என்றான்.

ஆறாம் நாள் றம்லா வந்துவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் பூதக்கண்ணாடியை என்னிடமிருந்து பறிக்காத குறை.

"இது முளைச்சிருக்கு. இத ஏன் நீங்க எண்ணல்ல?"

"வேர் இல்லை பார். முளை மட்டும்தான்."

"இது?"

"வேர் அழுகிப் போச்சு."

"உசிரு இருக்குதானே! நீங்க எண்ணினா ஆரு வந்து பாக்கிற?"

"மழை வந்து பாக்கும், பிள்ளை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லக் கூடாது. இரண்டு மூன்றைக் கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மேட்டின் கீழே இவள்தானே படுக்கிறாள்.

பத்தாம் நாள் மெல்ரோயையும் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணினேன். முதல் பெட்டி அறுபத்து நாலு. இரண்டாவது ஐம்பத்தொன்பது. றம்லா கதவடியில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அறுபத்தாறு. நாலாவது ஐம்பத்தேழு என்று வந்ததும் அவள் வெளியே போய்விட்டாள்.

மெல்ரோய் கூட்டிப் பிரித்தான். நான் இன்னொரு தரம் கூட்டினேன்.

"அறுபத்தொண்டரை," என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால் மதிலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். மெல்ரோய் அவளுக்கு ஒரு சோடாப் போத்தல் வாங்கிவர ஓடினான்.

ஒன்றரை மூட்டை பாதி மேட்டுக்குத்தான் காணும். மேட்டில் ஏறி நின்று, "விதையையும் வலையையும் உங்கட வீட்டுக்கு நேர மேல இருந்து கீழ வரைக்கும் போடுவமோ, இல்லாட்டி உச்சியில குறுக்கால போடுவமோ?" என்று மெல்ரோய் கேட்டான். தன் வீட்டுப் பக்கத்தைக் காட்டுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கீழே இருந்த நாலு கூரைகளையும் பார்த்தாள்.

"உச்சியில போடுங்க தம்பி. தண்ணி அங்க இருந்துதானே இறங்குற. நாலு வீட்டுக்கும் ஆகட்டும்."

ஐப்பசித் தூறலில் புல் விரல் அளவுக்கு வந்தது. கார்த்திகை பிறப்பதற்கு முன்பே பெரிய மழை. அடுத்த நாள் காலை றம்லா படம் அனுப்பினாள். புல் இல்லாத அடிப் பாதியிலிருந்து மண் கொஞ்சம் கரைந்து வந்திருக்கிறது. சேறு குசினிப் படி வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. உள்ளே வரவில்லை. மாமி கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி: "மாசியில திரியாய்க்குப் போறம் அன்ரி, கீழ்ப்பாதிக்கு. நீங்களும் வாங்க, சேலை குத்தும்."

போகத்தான் வேண்டும்.

சரி, இனி நீங்கள் சொல்லுங்கள். வெறும் நிலத்தில் புல்லோ செடியோ பிடிக்க வைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். விதையை எப்படிச் சோதித்தீர்கள், எதை நல்லதென்று வைத்தீர்கள், எதைப் பதர் என்று நினைத்துத் தவறவிட்டீர்கள் என்று எழுதுங்கள். பிழை விட்டதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் போடுவேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.