பரிமளாவின் மூன்று மாதச் சர்க்கரை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருக்கும் வீரமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். அந்த வீரமணி நான்தான். 2006-இல் அந்தக் கோபம் முழுக்க என் மனைவி பரிமளாமேல் இறங்கியது.

அவளுக்குச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் பார்த்தால் எப்போதும் சரியாகவே இருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை மட்டும் பதின்மூன்றைவிட்டு இறங்காது. ஏழுக்குள் இருக்க வேண்டியது. "டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டுறாங்க" என்றார் டாக்டர். மாத்திரை போய் இன்சுலின் ஊசி வந்தது. ஊசியின் அளவு மூன்று முறை ஏறியது.

நான் டாக்டரையும் மிஞ்சினேன். வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். ஒரு கல்யாணப் பந்தியில், அவள் இலையில் வைத்த லட்டை நாலு பேர் பார்க்க எடுத்தேன். "சத்தியமா நான் திங்கலைங்க" என்பாள். "அப்ப ரிப்போர்ட்டு பொய் சொல்லுதா?" என்று கத்துவேன்.

ஒரு நாள் ரத்தம் கொடுக்கப் போன லேபிலேயே வியர்த்து ஊற்றிச் சரிந்தாள். லேப் டெக்னீஷியன் சின்னப்பராஜ், ஏலாக்குறிச்சிக்காரர், விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை நாற்பத்தெட்டு! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, திருடித் திங்கிறவங்களுக்கு இவ்வளவு எறங்குமா? இன்னும் ஊசியை ஏத்துனா ஒரு நாள் எந்திரிக்கவே மாட்டாங்க. அக்கா ரத்தத்துலயே ஏதோ வித்தியாசம் இருக்குன்னு தோணுது."

டாக்டரிடம் பேசி ஊசியைக் குறைக்கவைத்தவர் அவர்தான். லீவு போட்டு, பரிமளாவின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் சுமந்து, சேலம் வழியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறியவரும் அவர்தான். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருடன் படித்தவர் இருந்தார். புரதத்தை நிறுக்கும் மிஷின் ஒன்றும் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு தாளோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். தாளில் ஒரு கோட்டுப்படம்; அதில் அடுத்தடுத்து இரண்டு கூர்முனைகள்.

"மூணு மாச டெஸ்டு அளக்குறது ரத்தத்துல ஹீமோகுளோபின்ல ஒட்டுன சர்க்கரையை. இது எல்லாருக்கும் இருக்குற ஹீமோகுளோபின். பக்கத்துல இருக்குறது அக்காவுக்குக் கூடுதலா இருக்குறது. ஹைட்ரஜன் அணு கணக்குல பதினஞ்சாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் எடை; அதுல பதினாலு அதிகம். துண்டு துண்டா வெட்டி எடை போட்டுப் பாத்திருக்காங்க. சங்கிலி மாதிரி கோத்திருக்குற நூத்தி நாப்பத்தாறு கண்ணியில முதக் கண்ணி மட்டும் வேற. அதைத்தான் நம்ம லேப் மிஷின் சர்க்கரைன்னு தப்பாக் கணக்கு பண்ணிருச்சு."

அடேங்கப்பா! என் கடைத் தராசு ஒரு சிட்டிகை யூரியாவுக்கு அசையாது. இந்த மிஷினோ பதினாலு ஹைட்ரஜன் அணுவின் எடையைப் பிடித்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களையும், ஐஸ் பெட்டியைச் சுமந்த இந்த மனுஷனையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பரிமளா முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் துணிச்சல் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் பரிமளா" என்றேன்.

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. "இது எப்படித் தம்பி வருது?" என்று சின்னப்பராஜைக் கேட்டாள்.

"பொறவியிலேயே வர்றது, அக்கா. பெரும்பாலும் அப்பா, அம்மா யாராவது ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கும்."

அவள் முகம் வெளிறிப்போனது. "எங்கம்மாவுக்கும் சர்க்கரைதாங்க; அந்த மூணு மாச டெஸ்டுல அதுக்கும் பதிமூணுதான் காட்டும். போன வாரம் ஊசியை ஏத்தச் சொன்னதே நான்தான். அது அழுவ அழுவ, வாய்க்கு ருசி கேக்குதான்னு திட்டிட்டு வந்தேன்."

"டாக்டர் பாக்குற வரைக்கும் ஏத்துன அளவைப் போட வேணாம்னு சொல்லுங்கக்கா, உடனே" என்றார் சின்னப்பராஜ்.

அம்மா இருக்கும் செட்டிகுளத்துக்குப் போன் போட்டாள். நானும் காதை ஒட்டி நின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் எடுத்தது அவள் அம்மா முத்தாயிதான்.

"அம்மா, நான் பரிமளா" என்றாள்.

அந்தப் பக்கம் பயந்த குரல் கேட்டது:

"இன்னிக்கு நான் ஒண்ணுமே திங்கல ஆத்தா."