மேடைக்குத் துணை

பூவாத்தாள் மேடையேறிப் பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நாங்கள் இருவரும் பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிறவர்கள். என் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான் வெளியேறிவிட்டேன். பூவாத்தாள் கல்யாணமான வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தவள். கணபதி என்கிற ஊரில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே பாய். அவள் எனக்கு யார் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆம்பிளைத் துணையில்லாத இரண்டு பெண்கள், பாவம், ஒன்றாய்க் கிடக்கிறார்கள் என்று தன் பாட்டுக்கு இருந்தது.

முப்பத்தேழாம் வருஷம் மில்லில் சங்கம் வந்தது. பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும், மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தால் கேட்க ஆள் வேண்டும் என்று பூவாத்தாள் ஒருநாள் கேட் வாசலில் பேசிவிட்டாள். சங்கத்துக் காரியதரிசி கோவிந்தராஜுலு அவளை விடுவாரா? சிங்காநல்லூர், சூலூர் என்று கூட்டம் நடக்கிற இடமெல்லாம் அவளைப் பேசக் கூப்பிட்டார்.

வெள்ளைச் சேலையோடு அவள் மேடையில் நிற்பாள். கீழே ஆயிரம் கண்கள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடுப்படியில் முணுமுணுக்கிற அந்தக் குரலை இப்போது பீடிக்காரனும் வண்டிக்காரனும் வாயைப் பிளந்து கேட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் சங்கப் பேச்சுதான். நான் வைத்த குழம்பில் உப்பு இருந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தாலியை அறுத்துப்போட்டவள் நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால் நின்று கத்தினால், அவளுக்குப் பின்னால் ஒருத்தன் இருந்தாக வேண்டும் என்றார்கள். கோவிந்தராஜுலுவை அவளோடு சேர்த்துவைத்துப் பேசினார்கள். அவளை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக் காத்தவள் நான். பழியை மட்டும் தூக்கி அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பழிக்காகக்கூட நான் பொறாமைப்பட்டேன்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் காளிச்சாமிக் கவுண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூட்டினார். பூவாத்தாள் தப்பாய் நடக்கிறாள் என்று தெரிந்தால் மேடையும் கிடையாது, ஊரில் இருக்க வீடும் கிடையாது என்றார். கூட இருக்கிறவள் நான் என்பதால், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யும்படி என்னைக் கூப்பிட்டார்கள்.

"அம்மணி, பொழுது உழுந்தா இந்தப் புள்ள எங்க இருக்கறா? பயப்படாமச் சொல்லு" என்றார் கவுண்டர்.

தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை போதும். மேடை அன்றோடு சரி. ஊர் விரட்டினால் விரட்டட்டும், எங்கேயாவது போய் அவள் எனக்கே எனக்காய் இருப்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூவாத்தாள் கெஞ்சவில்லை, நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தெரியாது என்றால் இவள் கோவிந்தராஜுலுவினுடையவள் என்று ஊரே முடிவு கட்டிவிடும். சாகும்வரை அப்படித்தான் பேசுவார்கள். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தினேன்.

"எங்கூடத்தானுங்க படுத்துக்கறா. ஒரே பாயில. அவளுக்கு நானு, எனக்கு அவ. எங்க ரெண்டு பேருத்துக்கும் ஆம்பளையே வேண்டாமுங்க."

சொல்லிப்போட்டோமே, இனி என்ன ஆகுமோ என்று எனக்கு அப்புறம்தான் பயம் வந்தது. பூவாத்தாளின் முகம் வெளுத்துவிட்டது.

கவுண்டர் சிரித்தார். "இத முன்னயே சொல்லீருக்கலாமல்ல கண்ணு. அக்கா தங்கச்சியாட்டப் பாசமா இருக்கறவளுகளப் போயி நாக்குல நரம்பில்லாமப் பேசிப்போட்டாங்க."

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனிமேல் பூவாத்தாள் எங்கே பேசப் போனாலும் நானும் பக்கத்தில் துணைக்கு நிற்க வேண்டும், அப்போது யாரும் வாய் திறக்க முடியாது என்று கவுண்டரே தீர்ப்பும் சொன்னார்.

அடுத்த வாரம் சூலூர்க் கூட்டத்தில் நானும் மேடையேறினேன். இவர்கள் கூடப்பிறக்காத சகோதரிகள் என்று கோவிந்தராஜுலு சொன்னதும் கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பூவாத்தாள் பேச எழுந்தாள். எழுந்தவள் என் கையைப் பிடித்தாள். விரலோடு விரல் கோத்து, பேசி முடிக்கும்வரை அவள் விடவேயில்லை. கோவிந்தராஜுலுவின் கை அவள்மேல் பட்டிருந்தால் அங்கே கல் பறந்திருக்கும்.

அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒருத்தனுக்குக்கூட என்மேல் பொறாமை வரவில்லை.