ஆசைக்கு ஓர் ஆபரேஷன்

“முதுகு வலி இருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“இருக்கு டாக்டர். அக்கா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல” என்றாள் என் தங்கை.

கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை.

“இல்லை” என்றேன். “வலி எதுவும் இல்லை. நல்லாத் தூங்கறேன். இவளுக்குத்தான் கற்பனை அதிகம்.”

டாக்டருக்கு என் மகனின் வயது இருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மடிப்புல புண்ணு, அரிப்பு?”

“கிடையாது.”

“அப்ப எதுக்காக வந்திருக்கீங்க மேடம்?”

“மார்பு தொங்கிப் போச்சு. எனக்குப் பிடிக்கலை. தூக்கி வைக்க முடியுமான்னு கேக்க வந்தேன்.”

தங்கை கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். அதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் இப்படி ஒரு பேச்சை வெளியாள் முன்னால் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் பொய்யும் சொன்னதில்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்றால் எதை விடுவேன் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

எங்களுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. குடும்பப் பெயரை ஒரு பலகையில் எழுதிக் காரின் கூரைமேல் பொருத்தியிருக்கிறோம். மற்றவர்களுடைய மானம் வீட்டோடு இருக்கும். எங்களுடையது நாலு சக்கரத்தில் ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பும். மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அதில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து, பாதி ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

முப்பத்தெட்டு வயதில் அந்த இருக்கை எனக்குத் தண்டனையாக இருந்தது. அப்போது என் மார்பின் கனம் அப்படி. உள்ளாடைப் பட்டை இரண்டு தோளிலும் பள்ளம் தோண்டியிருந்தது. சீட் பெல்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிப் போய்க் கழுத்தை அறுக்கும். வகுப்பு முடிந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே நிற்பேன். கடைசியில் ஆபரேஷன் செய்து குறைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு முதுகு தானாகவே நிமிர்ந்துவிட்டது. அதன் பிறகு வந்த மாணவர்கள்தான் எனக்கு ‘ஸ்கேல் மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். என் கண்டிப்புக்காக வைத்த பெயர் என்று அவர்கள் நினைப்பு. நான் திருத்தவில்லை.

இப்போது அறுபத்திரண்டு. உடம்பு இளைத்தது, தோல் தளர்ந்தது. அந்தப் பழைய தழும்பு நங்கூரம் மாதிரி இருக்கும்: காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, மடிப்பில் ஒரு வளைவு. இப்போது நங்கூரமும் கீழே இறங்கிவிட்டது.

திரைக்குப் பின்னால் டாக்டர் பார்த்து, அளந்து, தழும்பின் மேல் விரலை ஓட்டினார்.

“அப்போ காம்புக்குப் போற ரத்த ஓட்டத்தை எந்தப் பக்கமா விட்டு வெச்சாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். அந்த ஆஸ்பத்திரில விசாரிக்க முடியுமா?”

“அது இப்போ கார் ஷோரூம்.”

“சரி, அப்ப உள்ள ரொம்பக் கை வைக்க மாட்டேன். பழைய தழும்பு வழியாவே போயி, தோலைக் குறைச்சு, தூக்கித் தைக்கறேன். காயம் ஆற நாளாகலாம். உணர்ச்சி குறையலாம். எப்பவோ ஒருத்தருக்கு, ரத்தம் சரியாப் போகாம காம்பே கெட்டுப் போறதும் உண்டு. முதல்லயே சொல்லிடறேன். அப்புறம், இருபது வயசு மாதிரியெல்லாம் வராது.”

“இருபது வயசுல எனக்கு இருந்ததை நீங்க பாத்ததில்லை. அது வந்துடுமோன்னுதான் எனக்குப் பயம்.”

டாக்டர் சிரித்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் தங்கையும் சிரித்தது கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் வண்டி ஓட்டக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, முதல் சில நாள் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். தங்கை ஆரம்பித்தாள்.

“முதுகு வலின்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு? போன தடவையும் அதானே சொன்னோம்?”

“போன தடவை வலிச்சுது.”

“அத்தான் போயே ஒன்பது வருஷம் ஆகுது. இனிமே யாரு பாக்கப் போறா?”

ஓட்டும்போது வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் முதல் விதி. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.

“நான் பாக்கறேன். தினமும் குளிக்கறப்போ பாக்கறேன். நோய் இல்லை, வலி இல்லை. எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்.”

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இமைத் தோலைத் தூக்கித் தைத்துக்கொண்டாள். கண்புரை என்று எல்லோரிடமும் சொன்னாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உண்மை தெரிந்தும் நானும் புரையைப் பற்றித்தான் விசாரித்தேன்.

“இவ்வளவு சுலபமா சொல்லிடற” என்றாள். “இதையே சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னு நெனைக்கற? ஊருக்குப் பயந்தா? உனக்குப் பயந்து, அக்கா.”

இன்ஜினைக் கிளப்பி, சிக்னல் போட்டு, பின்னால் பார்த்துச் சாலையில் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, “முதல் ரெண்டு நாள் நீ வந்து இருப்பியா?” என்று கேட்டேன்.

“கறுப்புக் கண்ணாடி கொண்டு வரணுமா?”

“வேண்டாம். உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

கதவைச் சாத்தாமல் சற்று நின்றாள். பிறகு வழக்கம்போல் ஓங்கிச் சாத்திவிட்டுப் போனாள். எத்தனை தடவை சொன்னாலும் திருந்த மாட்டாள்.

எங்கள் அலுவலகம் வீட்டின் முன்னறைதான். சுவரில் சாலைக் குறிகளின் படம் தொங்கும். மேஜைமேல் பார்க்கிங் சொல்லிக் கொடுக்கச் சில பொம்மைக் கார்கள் இருக்கும். மறுநாள் மகனையும் மருமகளையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். மகன் ஒரு சிவப்புக் காரை எடுத்து இரண்டு கார்களுக்கு நடுவில் நுழைக்க ஆரம்பித்தான். நான் பேசி முடிக்கும்வரை அது உள்ளே போகவில்லை.

“அத்தை, மூணு வாரம் கிளாஸ் இல்லன்னா போன் போட்டுக் கேப்பாங்களே?” என்றாள் மருமகள். போன் எடுப்பது அவள் வேலை. “நான் என்ன சொல்லட்டும்?”

“முதுகுன்னு சொல்லிடு” என்றான் மகன், காரைப் பார்த்தபடி.

“பொய்.”

“அம்மா, நம்ம பேரு வண்டி மேல இருக்கு.”

“தெரியும். வருஷா வருஷம் அதுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்றது யாரு?”

“தாத்தா இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சு…”

“போன தடவை என்னை ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டதே உங்க தாத்தாதான்.”

அவன் கை நின்றது. இது அவனுக்குத் தெரியாது.

“உங்க மருமகளுக்கு என்ன ஆபரேஷன்னு கிளாஸுக்கு வந்தவங்க கேட்டாங்க. ஒரு பெரிய மனுஷர், விடாம, மூணு தடவை. உங்க தாத்தா முதுகுன்னு சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனா, ‘ஆபரேஷன். அதுக்கு மேல ஏதாவது கேக்கணும்னா கியரைப் பத்திக் கேளுங்க’ன்னுட்டாரு. அந்த ஆள் அதுக்கப்புறம் வாயைத் திறக்கலை.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் சிரிக்கவில்லை.

“அது நோய்க்கு, அம்மா. இது…”

“இது ஆசைக்கு. நீ சொல்லத் தயங்கற வார்த்தை அதானே? நான் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. என் பேரைச் சொல்லி இந்த மேஜையிலேர்ந்து ஒரு பொய் வெளியே போகும்னா, எனக்கு இந்த ஆபரேஷனே வேண்டாம். தொங்கட்டும். யோசிச்சுச் சொல்லு.”

அவன் பதில் சொல்லவில்லை. நானும் டாக்டருக்குப் போன் செய்யவில்லை. வகுப்புகள் நடந்தன. தினமும் பெல்ட்டைப் போடும்போது டாக்டர் சொன்ன அந்த ‘எப்பவோ ஒருத்தருக்கு’ நினைவுக்கு வரும். இழக்கத் தயாரா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தயார்தான். கத்தியைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. மகன் முகம் கொடுத்துப் பேசாததுதான் உறுத்தியது. ஆனாலும் நானாகப் போய்க் கேட்கவில்லை. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

அந்த வாரக் கடைசியில், ஒரு வகுப்பு முடித்து வண்டிச் சாவியோடு உள்ளே வந்தேன். மருமகள் உள்ளே குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்ததால் போனை மகன் எடுத்தான்.

“ஆமாங்க… ஸ்கேல் மேடம்தான் வேணுமா?” என்றவன் நிமிர்ந்து பார்த்தான். வாசலில் நான் நின்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ஏதாவது கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

“அடுத்த மாசம் அம்மா இருக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஆபரேஷன்.”

சற்று இடைவெளி.

“இல்லைங்க, நோய் இல்ல. நல்லா இருக்காங்க.”

மறுபடி இடைவெளி. அவன் காது மடல் சிவந்தது. அது அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும்.

“முதுகா? இல்லைங்க, முதுகும் இல்ல.” ஒரு கையால் சிவப்புக் காரை எடுத்தான். “ஆபரேஷன், அவ்வளவுதாங்க. அதுக்கு மேல ஏதாவது கேக்கணும்னா கியரைப் பத்திக் கேளுங்க.”

நான் சாவியை ஆணியில் மாட்டினேன். உள்ளே போய் மருமகளிடம் டாக்டரின் நம்பரைக் கேட்டேன். அவள் சீப்பைக் குழந்தையின் தலையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

முன்னறையில் பேச்சு இன்னும் முடியவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் உண்மையாகவே கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

“ரிவர்ஸா?” என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். “வண்டி முழுசா நின்னப்புறம்தாங்க போடணும்…”