அலுமாரியின் இடதுபக்கம்

கோட்டின் இரண்டு கைகளையும் பிரித்துக் கட்டிலில் போட்டிருந்த நேரம் பார்த்துக் கரிகாலன் தொலைபேசியில் வந்தான்.

புதன்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் இல்லாத அரைநாள். மூத்தவள் மெலிசா ஜன்னலோரம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். சின்னவள் யதுஷா நிலத்தில் விழுந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். தர்மிளாவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. பிள்ளைகளோடு கதைக்க அவன் மெலிசாவின் நம்பருக்குத்தான் எடுப்பான். தன்னுடைய கைபேசித் திரையில் அவன் பெயரைக் கண்டு மாதங்களாகிவிட்டன. ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத்தான் அவள் எடுத்தாள்.

"சொல்லுங்கோ."

"தர்மிளா, ஞாயிற்றுக்கிழமை வாறன். என்ரை கருநீலக் கோட்டு அங்கைதானே கிடக்கு? அக்காவின்ரை மூத்தவன்ரை கலியாணத்துக்குப் போடவேணும். தாய்மாமன் நான் கண்டதையும் போட்டுக்கொண்டு நிக்க ஏலாதெல்லோ."

"ஓம்," என்றாள் தர்மிளா.

அவன் வைத்துவிட்டான். எதற்கு ஓம் என்றோம் என்று அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கட்டிலில் கோட்டு கைகளை இழந்து மல்லாந்து கிடந்தது.

கரிகாலன் போனது போன வருடம் வசந்தத்தில். சண்டை நடக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை. பாரிசின் லா சப்பலில் ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் வேலை செய்துவிட்டு வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, "எனக்கு மூச்சு முட்டுது" என்றான். மறுநாள் ஒரு பெட்டியோடு கார்ஜ் லே கொனெஸில் இருந்த தமக்கை ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டான். "பொறு தர்மிளா, ஆம்பிளையளுக்குச் சில நேரம் இப்பிடித்தான். தானா வருவான்," என்றாள் ஜெகதீஸ்வரி மச்சாள். தர்மிளாவும் பொறுத்தாள். ஆனால் பொறுப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். மாடிப்படியில் யார் ஏறினாலும் காது அங்கே போகும். விடியமுன்னம் எழும்பிச் சென் தெனியில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சமைத்து, தோய்த்து முடித்தாலும் உடம்பு ஓய்ந்து இருக்க மறுத்தது. கைக்கு ஏதாவது வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் மெலிசா ஒரேயடியாக வளரத் தொடங்கினாள். அவளுடைய களிசான்கள் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறின. ஒருநாள் மத்தியானம் தர்மிளா அலுமாரியின் இடதுபக்கக் கதவைத் திறந்தாள். அது அவனுடைய பக்கம். பெட்டியில் கொள்ளாததெல்லாம் அங்கேதான் தொங்கியது. ஒரு ஜீன்ஸை எடுத்து, கால்களின் உட்பக்கத் தையலைப் பிரித்து, நடுவில் துணி வைத்து மூட்டினாள். மகளுக்கு ஒரு பாவாடை ஆயிற்று. வெட்டும்போது திருடுவதைப் போல நெஞ்சு அடித்தது. படியில் சத்தம் கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஆனால் மெலிசா அதைப் போட்டுக்கொண்டு போன அன்று, எங்கே வாங்கினது என்று வகுப்பில் பெண்பிள்ளைகள் கேட்டார்களாம். அடுத்தது பெட்டிபோட்ட சேட்டு. யதுஷாவுக்கு இரவுடுப்பு ஆனது. பிறகு வெள்ளைச் சேட்டு, கம்பளிச் சட்டை, பழுப்புக் களிசான். கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற பழக்கம் எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது. தைத்தவற்றை மாட்ட இடமில்லாமல் அதே இடதுபக்கத்தில் மாட்டினாள்.

கோட்டை மட்டும் அவள் தொடவில்லை. பதிவுத் திருமணத்துக்குப் போட்டது அது.

தொட வைத்தது அந்த்ரெத்தியன், ஒரு வேலைக்கான நேர்முகம். மார்க்ஸ் டோர்முவாப் பக்கம் ஒரு பல் வைத்தியருக்கு, வரவேற்பு மேசையில் இருந்து தொலைபேசி எடுக்கவும் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. தமிழும் தெரிந்தால் நல்லது என்றிருந்தார்கள். பகல் வேலை. பிள்ளைகளைத் தானே எழுப்பி, தலை வாரி அனுப்பலாம். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்தது துப்புரவு வேலைக்கான மேலங்கி, குளிருக்கான தடித்த ஜாக்கெட், சேலைகள். கடைகளில் போட்டுப் பார்த்தவற்றில், தோளுக்கு அளவானது இடுப்பில் முட்டியது, இடுப்புக்கு அளவானது தோளில் தொங்கியது. வீட்டுக்கு வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தாள். நல்ல துணி. உள்ளே மதுநிற லைனிங் இன்னும் பளபளத்தது.

இப்போது அவள் ஒரு கையை எடுத்துத் தோளில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. பொருந்தாது. தோளில் இரண்டு விரலகலம் ஏற்கனவே வெட்டியாயிற்று. வெட்டிய துண்டு யதுஷாவின் பொம்மைக்குத் தாவணியாகிவிட்டது.

"சப்பாத்தைப் போடுங்கோ, வெளியிலை போறம்," என்றாள்.

"எங்க?" என்றாள் மெலிசா பிரெஞ்சில்.

"கோட்டு வாங்க."

மேம்பாலத்தில் மெத்ரோ கடகடத்துப் போக, கீழே மூவரும் வேகமாக நடந்தார்கள். யதுஷா பாதி ஓட்டம். கலியாண உடுப்புக் கடை ஒன்றின் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் ஏறத்தாழ அதே கருநீலத்தில் ஒரு கோட்டு நின்றது. தர்மிளாவுக்கு மூச்சு வந்தது.

"அண்ணை, அந்தக் கோட்டு ஒண்டு."

"எடுக்கலாம் தங்கச்சி. என்ன அளவு?"

அவளுக்குப் பழைய அளவு தெரியும். ஆனால் மெலிசாவின் கைபேசியில் போன கிழமை கண்ட படத்தில் அவன் கழுத்து தடித்து, சேட்டின் பொத்தான் வயிற்றில் இழுபட்டிருந்தது. தமக்கையின் சாப்பாடு.

"யாருக்கு, அவருக்கோ?"

"ஓம்."

"மனுசன்ரை அளவு தெரியாதோ?" கடைக்காரர் சும்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"இல்லை," என்றாள் தர்மிளா. "தெரியாது அண்ணை."

திரும்பி வரும்போது மெலிசா பின்னாலிருந்து பிரெஞ்சில் சொன்னாள்: "வெட்டிட்டன் எண்டு சொன்னா முடிஞ்சுது. அவர் என்ன, அதுக்காக இன்னொருதரம் போவாரா?"

தர்மிளா நின்று மகளைப் பார்த்தாள். ஏசலாம் என்று நினைத்தாள். ஆனால் பிள்ளை பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தப் பாவாடைக்குள் அவள் உயரமாக, கொஞ்சம் பயந்தவளாக நின்றாள். தர்மிளா யதுஷாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று பின்னேரமே தையல் மெசினில் உட்கார்ந்தாள். இனி நிறுத்தினால் அது அவனுக்கும் ஆகாது, அவளுக்கும் ஆகாது. விலாப் பக்கத்தை உள்ளே எடுத்தாள். கையைக் கீழே வெட்டினால் மணிக்கட்டுப் பொத்தான்கள் போய்விடும் என்று மேலே, தோள் பக்கமாகவே குறைத்தாள். இரண்டு தரம் பிழைத்தது, இரண்டு தரம் பிரித்தாள். சோறு அடிப்பிடித்தது. வியாழக்கிழமையும் வேலையால் வந்து அதிலேயே இருந்தாள். ஞாயிறு வரும், ஞாயிறு வரும் என்று மெசினின் ஓட்டமே சொல்வதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போனாள். உள்பக்கப் பையில் தன் விபரத்தாளை மடித்து வைத்திருந்தாள். பெண்களின் கோட்டில் அப்படிப் பை இருப்பதில்லை. பல் வைத்தியர் ஒரு நரைத்த பெண். வலியில் கத்துகிறவர் தொலைபேசியில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "முதலில் கத்த விடுவேன். பிறகு எந்தப் பல் என்று கேட்பேன்," என்றாள் தர்மிளா. அவர் சிரித்துவிட்டார். எழும்பும்போது, "அழகான கோட்டு, எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

"என் கணவருடையதாக இருந்தது," என்றாள் அவள் பிரெஞ்சில்.

தெருவுக்கு வந்த பிறகு அந்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இலக்கணம் பிழையில்லை. ஆனால் முடிந்துபோனது என்று தான் சொன்னது கோட்டையா, ஆளையா என்று பிடிபடவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு நேரமாகிவிட்டதென்று அரை ஓட்டமாக ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியளவில் மணி அடித்தது. கரிகாலன் தனியாக வரவில்லை. ஜெகதீஸ்வரியும் வந்திருந்தாள், கையில் துணியால் மூடிய ஒரு பாத்திரத்தோடு. யதுஷா ஓடிவந்து தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து தூக்கினான். தூக்கியவன் அவள் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"இது என்ரை சேட்டெல்லே?"

"ஓம் அப்பா, என்ரை பிஜாமா!" என்றாள் சின்னவள் பெருமையாக.

அவன் சிரித்தான். மெலிசாவின் பாவாடையைப் பார்த்தான், சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. நேரே அறைக்குப் போய் அலுமாரியின் இடதுபக்கத்தைத் திறந்தான். சின்னச் சின்ன உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தான், தெரிந்த முகங்களைக் கூட்டத்தில் தேடுகிறவன்போல. கடைசியில் கோட்டு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மதுநிற லைனிங்கை விரித்தான். தன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தான். பாதிதான் மறைத்தது.

"ஐயோ, கலியாணக் கோட்டல்லோ பிள்ளை!" என்றாள் ஜெகதீஸ்வரி.

"வெட்டிப்போட்டன் மச்சாள். அவர் போன் எடுக்கேக்கை கையைப் பிரிச்சிட்டன். சொல்லத்தான் நினைச்சனான், வாய் வரேல்லை."

கரிகாலனின் முகம் சிவந்தது. "என்ரை எண்டு இந்த வீட்டிலை ஒண்டையும் நீர் வைக்கேல்லையே?"

நான்கு நாட்களாக இந்தக் கேள்விக்குத்தான் அவள் மன்னிப்புகளைத் தேடிக்கொண்டு திரிந்தாள். இப்போது வாய்க்கு வேறொன்று வந்தது.

"நீங்கள் விட்டிட்டுப் போனதை நான் எறியேல்லை. பிள்ளையளுக்குப் போட்டன். ஒண்டு நான் போட்டன்."

ஜெகதீஸ்வரி இடையில் புகுந்தாள். "சரி, சரி. கோட்டு என்ன பெரிய கோட்டு, வேறை வாங்கலாம். தர்மிளா, நான் சுத்தி வளைக்கேல்லை. கோட்டு ஒரு சாட்டு. கலியாணத்திலை சனம் கேக்கும், பொம்பிளை வீட்டாக்களும் கேப்பினம். நாலு பேரும் ஒண்டா நிக்கவேணும். அவன் வந்திட்டான். பெட்டி கீழை, வாசலுக்குள்ளை வைச்சிருக்கு."

தர்மிளா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சொல்லுக்காக எத்தனை மாதம் படியில் காதை வைத்திருந்தாள்! பெட்டி கீழே வந்துவிட்டது. ஓம் என்ற ஒரு சொல்தான் தேவை. அது அவளுக்குச் சுலபமாக வருகிற சொல்லும்கூட.

"ஏன் போனீங்கள்?" என்று கேட்டாள்.

"இப்ப அதை ஏன்..." என்றான் கரிகாலன்.

"சண்டைக்குக் கேக்கேல்லை. எனக்குத் தெரியாது. பிள்ளையள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். கோட்டை மடியில் வைத்து மணிக்கட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். சொல்ல முயன்றான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கடைசியில், "கலியாணம் முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்," என்றான்.

"அப்ப ஆறுதலாக் கதைச்ச பிறகு பெட்டியைக் கொண்டு வாங்கோ," என்றாள் தர்மிளா. ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "மச்சாள், உங்கடை மகன்ரை கலியாணத்துக்கு நானும் பிள்ளையளும் வருவம். முன்னுக்கு நிண்டு வேலை செய்வன். சனம் கேட்டா நான் பதில் சொல்லுறன். ஆனா சனத்துக்காக இவர் வரவேண்டாம். பிள்ளையளைப் பாக்க எப்பவும் வரட்டும்."

ஜெகதீஸ்வரி பாத்திரத்தை மேசையில் டக்கென்று வைத்தாள். "உனக்கு எங்கையிருந்து இந்தத் திமிர் வந்தது?" என்றாள். பிறகு, தம்பியின் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு, "எழும்படா," என்றாள் வேறு குரலில்.

அவர்கள் இறங்கிப் போகும் சத்தத்தையும், கீழே பெட்டியின் சில்லுகள் வாசல்படியில் தட்டுப்படுகிற சத்தத்தையும் தர்மிளா கதவடியில் நின்று கேட்டாள். யதுஷா அழுதாள். மெலிசா தங்கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தாயை நிமிர்ந்து பார்த்தாள். பாத்திரத்தில் இருந்த இறைச்சிக் குழம்பை மூவரும் பாணோடு சாப்பிட்டார்கள். மச்சாளின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது.

வேலை கிடைத்தது, முதலில் சோதனைக் காலத்துக்கு. கலியாணம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கரிகாலன் மாப்பிள்ளையான மருமகனிடமே இரவல் வாங்கின சாம்பல் கோட்டோடு நின்றான். தர்மிளா பந்தியில் சோறு போட்டாள். கேட்டவர்களுக்கு, "இப்போதைக்குத் தனித்தனியா இருக்கிறம்," என்று சொன்னாள். முதலாவது ஆளுக்குச் சொல்லும்போது காது சுட்டது. பிறகு அவ்வளவு இல்லை.

அதற்குப் பிறகு கரிகாலன் ஞாயிறுகளில் வரத் தொடங்கினான். மேலே ஏறுவதில்லை, கீழே நின்று மணி அடிப்பான், பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவான். ஒரு ஞாயிறு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது படியேறி வந்தான். கையில் ஒரு பை. அதற்குள் ஒரு களிசான்.

"சிப் பழுதாப்போச்சு. மாத்தித் தருவீரோ?"

தர்மிளா பையை வாங்கிப் பார்த்தாள். நல்ல களிசான்தான். பத்து நிமிட வேலை.

"கீழை முக்கிலை தையல்கடை இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். "நல்லாச் செய்வினம்."

அவன் பையைக் கக்கத்தில் வைத்தான். "அண்டைக்கு நீர் கேட்டதை யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றான். "எனக்கே இன்னும் சரியா விளங்கேல்லை."

"யோசியுங்கோ," என்றாள்.

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள், நிறுத்தினாள், ஜன்னலைத் திறந்தாள். கீழே அவன் முக்குத் தையல்கடையைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து, ஞாயிறென்று பூட்டியிருந்த கதவில் திறக்கும் நேரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். கூப்பிட வேண்டும் போலவும் இருந்தது, கூப்பிடக்கூடாது போலவும் இருந்தது. அவள் ஜன்னலிலேயே நின்றாள்.