தூங்கி எழுந்தால் அலறும் கார்டு

அன்னக்கொடிக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் வரும். காரணம் பின்னால் ஆற அமர வந்து சேரும். இந்த முறை காரணம் வந்து சேர நான்கு நாள் ஆனது. அதற்குள் குரல் இருநூற்று நாற்பது பேருடைய செல்போனுக்குப் போய்விட்டது.

முனிச்சாலையில் சௌரிராஜன் நடத்தும் பிளக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சின்னச்சாமியின் இளைய மகள். அவர்கள் வகையறாவிலேயே முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை அவள் ஒரு நாளும் சும்மா இருக்க விட்டதில்லை. அக்கா மகளின் காதணி விழா பிளக்ஸில், காது குத்தப்பட்ட குழந்தையின் பெயரைவிட ‘அன்னக்கொடி பி.இ.’ பெரிதாக இருந்தது. டிசைன் செய்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, கடைக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வரவேற்கும் பெயரையும் அப்படியே மாற்றி வைத்தாள். வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம், கடைக் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் வெள்ளைத்துரையிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய கார்டு வாங்கினார் சௌரிராஜன். மூன்று காற்றாடி வைத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். பத்து நிமிடம் மௌஸைத் தொடாவிட்டால் திரை தூங்கிப்போகும் அல்லவா, அதை எழுப்பினால் தீர்ந்தது. மூன்று காற்றாடியும் ரைஸ்மில் போல அலறும். வேலையே இல்லாவிட்டாலும் கார்டு முழு வேகத்தில் ஓடிச் சூடேறும். அந்த நேரம் பெரிய பைல் எதையாவது தொட்டால் திரை கறுத்து எல்லாம் அணைந்துவிடும். அவனியாபுரத்துக்காரர் ஒருவர் தன் ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கேட்ட நாற்பதடி பிளக்ஸ் இப்படி மூன்று முறை பாதியில் போனது. மூன்றாவது முறை, கொம்பை மட்டும் ஒன்றரை மணி நேரம் சீவியிருந்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். கேபிளை மாற்றினாள். மின்சேமிப்புப் பக்கத்தில் இருந்த அத்தனை டிக்கையும் எடுத்தாள், போட்டாள், மறுபடி எடுத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்டாள். “திறந்ததும் தானாக ஓடுகிற மாதிரி நீங்கள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” என்று ஒருவன் பதிலுக்குக் கேட்டான். ‘நான் இன்ஜினியர்’ என்று எழுதிவிட்டு அந்தப் பக்கத்தையே மூடினாள்.

மிச்சம் இருந்த குற்றவாளி வெள்ளைத்துரை மட்டும்தான். மதுரை பிளக்ஸ் டிசைனர்களின் வாட்ஸப் குரூப்பில் இரண்டு நிமிட வாய்ஸ் ஒன்றைப் போட்டாள்.

“சிம்மக்கல்லுல வெள்ளைத்துரைன்னு ஒருத்தரு. எவனோ ராப்பகலா ஓட்டித் தேய்ச்ச கார்டைத் தொடைச்சு, கவரு போட்டு நம்ம தலையில கட்டுறாரு. எவரும் அந்தப் பக்கமே போயிராதீங்க!”

கீழே கைதட்டும் படங்களாக விழுந்தன. அவற்றை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.

வாய்ஸ் போட்ட நாலாம் நாள் பதினோரு மணிக்கு வெள்ளைத்துரை துணிப்பையோடு வந்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, பஸ்ஸிலேயே ஏழெட்டு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவரோ தூக்கம் கெட்ட முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கார்டை எடுத்துட்டுப் போயிர்றேன் சார். ஆனா ஒரு தடவை என் கண்ணால பாத்துக்கிறேன். பன்னெண்டு வருசமா உங்களுக்குச் சாமான் குடுக்குறேன்.”

“பாருங்க, நல்லாப் பாருங்க” என்றாள் அன்னக்கொடி. “நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“பொய்யின்னு யாரு தங்கச்சி சொன்னா? அம்புட்டுச் சத்தமா சொன்னா உண்மையாத்தான் இருக்கும்னு ஊரே நம்பிருச்சே.”

சௌரிராஜன் சிரிப்பை மறைக்க வாசலுக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

திரை தூங்குவதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கலாம் என்பது எட்டாவது நிமிடத்தில்தான் அன்னக்கொடிக்கு உறைத்தது. இப்போது சொன்னால் இன்ஜினியர் மானம் என்ன ஆவது? அதற்குள் வெள்ளைத்துரையின் போன் அடித்தது.

“இல்லண்ணே... நம்ம கடையேதான்ணே... அது ஒரு வாய்ஸுண்ணே... சரிண்ணே, உங்க இஷ்டம்.” போனைப் பைக்குள் போட்டார். “மூணாவது ஆளு. வேற எடத்துல வாங்கிக்கிறாராம்.”

அன்னக்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இருண்டது. மௌஸை ஆட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. அவளுடைய பாஸ்வேர்டு, காலேஜ் பதிவு எண், பன்னிரண்டு இலக்கம். வழக்கம்போல விசைப்பலகை உடையும்படி அடித்து முடித்தாள். ரைஸ்மில் கிளம்பியது.

“பாத்தீங்களா! இதுக்கு என்ன சொல்றீங்க?”

வெள்ளைத்துரை காதைச் சாய்த்துக் கேட்டார். “சத்தம் வருது, இல்லேங்கல. ஆனா பாஸ்வேர்டு கேக்குறப்ப அமைதியாத்தானே நின்னுச்சு? நீங்க முடிச்சு எண்டரைத் தட்டுன பெறகுதானே கெளம்புது?”

திரை எழுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் அப்படி ஒரு அமைதி இருந்ததை இத்தனை நாளாக அன்னக்கொடி கேட்டதே இல்லை. தட்டிய தட்டில் எங்கே கேட்கும்?

டீ வந்தது. ஆண்கள் இருவரும் வாசல் பக்கம் போனார்கள். எண்டருக்குப் பிறகு தானாக ஓடுவது எது? கம்ப்யூட்டரில் தாமாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். கம்பெனிக்காரன் வைத்த பெயர்களுக்கு நடுவே ஒன்று பல்லைக் காட்டியது. பெயர்: மாஸ். எப்போது ஓடும்: தூங்கிய திரையைப் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தவுடன். உருவாக்கியவர்: அன்னக்கொடி பி.இ.

எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. எல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய கார்டு தூங்கி எழுந்தால் மந்தமாகவே கிடக்கும். படத்தைப் பெரிதாக்கினால் திக்கும். அப்படி ஒவ்வொரு முறை எழுப்பித் திறக்கும்போதும் அதை முழு வேகத்தில் பிடித்து நிறுத்தும்படி நாலு வரி புரோகிராம் எழுதி வைத்தது இவள்தான். சௌரிராஜன் அன்று அசந்துபோய் வடை வாங்கிக் கொடுத்தார். பழைய கார்டுக்குக் காற்றாடி கிடையாது. பாவம், எவ்வளவு வதைத்தாலும் கத்தத் தெரியாது. புதியதற்கு மூன்று வாய். வந்த நாளிலிருந்து உண்மையைத்தான் கத்திக்கொண்டிருக்கிறது.

மாஸுக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். தூங்க வைத்தாள், இந்த முறை ஒரு நிமிடத்தில். எழுப்பித் திறந்தாள். சத்தமே இல்லை.

சௌரிராஜன் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். “அட, நின்னுருச்சே! என்னம்மா அன்னம், அப்டேட்டு ஏதும் வந்து கொழப்பிருச்சா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அப்டேட் எதிர்த்துப் பேசாது. அதற்கு வாடிக்கையாளரும் கிடையாது. ‘ஆ’ வரை வந்துவிட்டது.

வெள்ளைத்துரை பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “எதுவா இருந்தாலும் கழட்டிர்றேன் சார். பேரு கெட்டுப்போச்சு, கார்டுக்கும் எனக்கும். இனி இங்க இருந்தா உங்களுக்கும் சந்தேகந்தான்.”

“கைய வைக்காதீங்கண்ணே!”

தெருவில் போன ஷேர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைத்துரையை அவள் அண்ணே என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் முறை.

“கார்டுல ஒரு கோளாறும் இல்ல. நானே எழுதி வச்சுட்டு, நானே மறந்துட்டு, உங்களை நாறடிச்சுட்டேன். இந்தா, பாருங்க.” திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

சௌரிராஜன் கண்ணாடியை இறக்கி நிதானமாக வாசித்தார். “பி.இ.ன்னு போட்டிருக்கு. அப்ப நம்ம ஆளுதான்.”

வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. “இதை என்கிட்ட சொல்லி என்ன தங்கச்சி? நான் என் கார்டைத் தப்பாவே நெனைக்கலையே.”

பழைய வாய்ஸை அழிக்கப் பார்த்தாள். நாள் கடந்துவிட்டது, அழிக்க விடவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். குரல் தானாகவே பழைய உயரத்துக்கு ஏறியது.

“எல்லாரும் கேட்டுக்கங்க. முனிச்சாலையில அன்னக்கொடின்னு ஒருத்தி இருக்கா. பி.இ. படிச்சவன்னு பாக்குற பிளக்ஸுல எல்லாம் பேரு போட்டுக்குவா. தான் எழுதுன நாலு வரியத் தானே மறந்துட்டு, நல்ல கார்டு குடுத்த வெள்ளைத்துரை அண்ணன் பேரைக் கெடுத்துட்டா. கார்டு தங்கம். கோளாறு அம்புட்டும் இவ மண்டையில. இனி இவ என்ன வாய்ஸ் போட்டாலும் ஒருத்தரும் நம்பாதீங்க!”

“தங்கச்சி, தங்கச்சி” என்று பதறினார் வெள்ளைத்துரை. “அந்தக் கடைசி வரி வேணாம். அப்புறம் இதையும் நம்ப மாட்டாங்க.”

அதுவும் நியாயம்தான். கடைசி வரியை எடுத்துவிட்டு மறுபடி பேசினாள். விட்ட இடத்தை நிரப்ப, மண்டையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சேர்ந்துகொண்டது. அனுப்பினாள். வெள்ளைத்துரை தன் போனில் அதை முழுக்கக் கேட்டார். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.

“கொஞ்சம் கம்மியாத் திட்டியிருக்கலாம்.”

“நீங்க சும்மா இருங்கண்ணே” என்றாள் அன்னக்கொடி, காளையின் கொம்பை நாலாவது முறையாகத் தொடங்கியபடி. “அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது.”