உப்புத் தொட்டிக்கு ஆகிற பசை

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும்போது என் வருங்கால மாமனார் ஹாஜி பயூமி வாசலில் நின்று சொன்னார்: "மாப்ளே, சாப்பிட்டுட்டு கல்யாணத் தேதி பேசுவோம். அதுவரைக்கும் மீன் தொட்டிய வேடிக்கை பாரு. கைய மட்டும் விட்றாத."

நானும் தொழப் போயிருக்க வேண்டியவன். டிராமிலிருந்து இறங்கும்போது வலது ஷூவின் அடிப்பாகம் தனியே இறங்கிக்கொண்டதில் கணுக்கால் சுளுக்கிவிட்டது. மாப்பிள்ளை வரும் அழகு அப்படி.

'கைய விட்றாத' என்றதற்குக் காரணம் என் சகலை முர்ஸி. கசிந்த தொட்டியைக் குளியலறை சிலிக்கானால் அடைத்த புண்ணியவான். பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்த அந்தப் பசை பூஞ்சையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மறுநாள் மீன்களெல்லாம் மிதந்தன. அன்றிலிருந்து இந்த வீட்டில் முர்ஸிக்குச் சாப்பாடு சமையலறையில்தான்.

உப்புத்தண்ணீர்த் தொட்டி மேல் குனிந்தேன். மலிவாய்க் கிடைத்ததென்று ஓர் அளவு பெரிதாக வாங்கிய நிச்சயதார்த்த வெள்ளி மோதிரம் நழுவி உள்ளே விழுந்தது. வெள்ளி என்பது கடைக்காரர் வாக்கு, செம்பு எவ்வளவோ! செம்பு பட்டால் தொட்டியில் வளரும் பவளம் செத்துப்போகும் என்பது மாமா வாரந்தோறும் சொல்லும் பாடம். கையை விட்டு மோதிரத்தைப் பிடித்துவிட்டேன். சமையலறையில் மாமியார் முலூக்கியாக் கீரையில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டி, "ஹாஆ!" என்று மூச்சை இழுத்தார். அப்படி அலறாவிட்டால் முலூக்கியா ருசிக்காது; அது தெரியாத அலெக்ஸாந்திரியாக்காரன் உண்டா? தெரிந்தும் துள்ளினேன். ஹாஜி பிள்ளைபோல் வளர்த்த ஊதாப் பவளத்தின் ஒரு கிளை முறிந்து கையோடு வந்தது.

எனக்கு நிச்சயித்திருந்த ஷஹீரா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, வஜ்தி! சமையலறைல முர்ஸி அத்தானுக்குப் பக்கத்துல உனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுரட்டுமா?"

"ஸ்டூல் கெடக்கட்டும். கல்யாணமே நடக்காது. ஏதாவது பசை எடுத்துட்டு வா!"

பால்கனி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக் கொட்டினாள். வெளியே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உரை முடிந்து துஆ என்னும் இறைவேண்டல் தொடங்கியிருந்தது. முதலில் தோல் செருப்பு ஒட்டும் பசை. மூடியைத் திறந்ததும் எனக்கே தலை சுற்றியது.

"வேண்டாம், அதுல மீனுக்கு ஆகாத சரக்கு இருக்கு," என்றாள். "இது பாத்ரூம்து. தொடாத!"

"இது?"

"ஜன்னல் கண்ணாடிக்குப் போடுறது. மருந்து கலக்காதது, காயும்போது வினிகர் வாசம் வரும். தொட்டிக்கு ஆகும். ஆனா காய நாளாகும், தண்ணிக்குள்ள பிடிக்கவும் பிடிக்காது."

துஆ முடிந்து தொழுகை தொடங்குவதற்கான இகாமத் அழைப்பைச் சொன்னார்கள். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கிய குழாய் ஒன்று அங்கே இருந்தது.

அவள் பிடுங்கிப் படித்தாள். "கெட்டியான சூப்பர் க்ளூ! அப்பா பவளம் ஒட்டுறது இதே சரக்குதான். தண்ணிக்குள்ளயும் பிடிக்கும். உன் பைக்கு இது எப்படி வந்துச்சு?"

"ஷூவுக்கு."

அவள் சிரிப்பை விழுங்கினாள். "சீக்கிரம். முறிஞ்ச இடத்துல வெச்சு அழுத்து. பிடிக்கிற வரைக்கும் விடாத."

அழுத்தினேன். பிடித்தது. எல்லாமே பிடித்தது. பவளத்தோடு என் இரண்டு விரல்களும்.

கதவு திறந்தது. ஹாஜி, அவர் பின்னால் முர்ஸி. முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு நின்றவனை மாமா பார்த்தார்.

"என்ன பசை?" என்றார்.

ஷஹீரா குழாயை நீட்டினாள். தூரப் பிடித்துப் படித்தார். மோந்து பார்த்தார். நான் பயத்தில் கையை இழுக்கப் போனேன்.

"இழுக்காதடா மடையா! கிளை போயிடும்! தொட்டிக்கு ஆகிற பசைதான். தோல் ஊறித் தானா விடும். அப்படியே நில்லு."

"எவ்ளோ நேரம் மாமா?"

"அத உன் தோலைக் கேளு."

மாமியார் முலூக்கியாவைக் கொண்டுவந்தார். வலது கையோ தொட்டிக்குள். இடது கையால் இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நான் பாத்திரத்தைப் பார்த்தேன். பாத்திரம் என்னைப் பார்த்தது.

ஹாஜி பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ரொட்டியைப் பிய்த்து முலூக்கியாவில் தோய்த்து என் வாயருகே நீட்டினார்.

"வாயத் தொற. முர்ஸி! அங்க எங்க போற? இங்க வந்து இவன் முழங்கையத் தாங்கு. உன் தட்டையும் எடுத்துட்டு வா."

முர்ஸி தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றான். ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டான்.

"இப்ப சொல்லு," என்றார் ஹாஜி, அடுத்த கவளத்தைத் தோய்த்தபடி. "ரமலானுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி," என்றேன், வாய் நிறைய.