கோழிக்கு முன்னால் நின்ற படை

எங்கள் டீம் தலைவர் குருமூர்த்திக்கு ஒரு கோழியை அடிக்கத் தெரியாது என்பது, 'கோட்டைப் போர்' புது வெர்ஷன் வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோட்டைப் போர் என்பது போனில் ஆடும் ஆட்டம். கீழப்பழுவூரில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரே டீம். உரக்கடை குருமூர்த்தி தொண்ணூறாம் லெவல். தங்க வாள், சிங்கக் கவசம், பெயருக்கு முன்னால் கிரீடம். நான் கலையரசி, அரியலூர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். ஆட்டத்தில் எனக்கு என்ன வேலை? அந்தப் பெரிய மனிதருக்குப் பின்னால் நின்று அவர் காயத்துக்கு மருந்து போடுவது. சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு வாள் பிடிக்கத்தான் ஆசை. "பொம்பளப்புள்ளைக்கு மருந்துதாம்மா ஒத்துவரும்" என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

அப்போதுதான் கம்பெனிக்காரன் அறிவித்தான். புது வெர்ஷனில் எல்லாம் ரீசெட். பழைய கேரக்டர் எல்லாம் காலி, பெயர் மட்டும் மிஞ்சும், எல்லோரும் ஒன்றாம் லெவல். சந்தோஷத்தில் அன்றைக்கு நான் போட்ட பில்லெல்லாம் தப்பு. இந்தத் தடவை வாள்தான், எவன் குறுக்கே வந்தாலும் சரி என்று இருந்தேன்.

குருமூர்த்தி துக்கத்தில் கடையைக்கூடத் திறக்கவில்லை. பிறகு தேறி எழுந்து குரூப்பில் பேசி அனுப்பினார்.

"பந்தியில பெரியவங்க கை வைக்காம நாம இலையில கை வைப்பமா? இதுவும் அப்படித்தான். நான் மொதல்ல ரெண்டாம் லெவலுக்குப் போறேன். பொறவு நீங்க வாங்க. என்ன, சரிதானே?"

பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போடவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திறந்தது. கந்தல் சட்டையோடு ஒரு வயலில் நின்றோம். வாளா, மருந்துப் பையா என்று கேட்டதும் வாளை எடுத்துக்கொண்டேன். எதிரே கோழிகள். ஒன்றை அடித்தால் இரண்டாம் லெவல். எல்லோர் மைக்கும் திறந்திருந்தது.

தலைவர் வாளை வீசினார். கோழி நகர்ந்துகொண்டது. மறுபடி வீசினார், வேலியில் பட்டது. கோழி திரும்பி வந்து கொத்தியதில் தலைவர் செத்தார். பிழைத்து வந்து மறுபடியும் செத்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் டீமில் ஒருவனான ராஜதுரை.

"நெட்டு சரியில்லடா."

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ரஞ்சித்குமார் வெள்ளந்தியாகச் சொன்னான்: "அண்ணே, போன குடுத்து வுடுங்க. எப்பவும் போல நானே ஆடித் தந்துடறேன்."

அடப்பாவி! தொண்ணூறு லெவலும் இவன் உழைப்பா? யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"இந்தக் கோழி கொஞ்சம் மோசம்ண்ணே" என்று ஆறுதல் சொன்னான் ராஜதுரை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கோழிக்கு முன்னால் மதியச் சோற்று நேரம் வரைக்கும் நின்றாயிற்று.

"தள்ளுங்கண்ணே" என்று சொல்லி ஒரே போடு போட்டேன். கோழி விழுந்தது.

"ஏய் கலை! எறங்கு! மரியாதையா ஒன்னாம் லெவலுக்கு எறங்கு!" என்று கத்தினார் தலைவர்.

"ஏறுனது ஏறுனதுதான். எறங்கறதுக்கு இதுல பட்டன் இல்லண்ணே."

தலைவர் கோபித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டே போய்விட்டார். அதற்கப்புறம் பாருங்கள், ஆளாளுக்கு அடித்ததில் வயலில் ஒரு கோழி மிச்சமில்லை. டீமில் யார் லெவல் அதிகமோ அவருக்குத்தான் கிரீடம் என்பது விதி. அது என் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. வாய்விட்டே சிரித்தேன்.

சாயங்காலத்துக்குள் ஏழாம் லெவல். கோட்டை வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பத்துப் பேரும் வரிசையாகச் சும்மா நிற்கிறார்கள். எல்லோரும் ஆறாம் லெவல்.

"ஏண்டா நிக்கிறீங்க? ஓநாய் வருது பாரு, அடிங்க!"

"இருக்கட்டும்க்கா" என்றான் ரஞ்சித்குமார். அவன் கையில் வாளைக் காணோம். மருந்துப் பை இருந்தது. "நீங்க எட்டுக்குப் போங்க, பொறவு நாங்க வரோம். காயம் கீயம் பட்டா மருந்து போட நான் இருக்கேன்."